பத்தொன்பது நாள் நீர்மட்டம்

1998 டிசம்பர் 12, சனிக்கிழமை. காலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு எழுந்தேன். கிணற்றடியில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். சவரம் செய்யவில்லை, கை நடுங்கியதால் கத்தியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். மனைவி நேசம் தந்த பிளேன்டீயில் பாதிதான் வாய்க்குள் போனது, மீதி சாரத்தில் சிந்தியது. ஐந்து ஐம்பதுக்குக் குறிப்பேட்டையும் பென்சிலையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாவிக்கரைக்கு நடந்தேன். மழை இல்லை. காற்று வடகிழக்கிலிருந்து.

என் வேலை நீர்மட்டம் பார்ப்பது. வாவிக்குள் நீண்டிருக்கும் கல்லணையின் முனையில் ஓர் அளவுப் பலகை நடப்பட்டிருக்கிறது. நாள்தோறும் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அதே எண்ணை ஒரு துண்டில் எழுதி முதல் பஸ்ஸில் நகரத்துக் கந்தோருக்கு, நீர்ப்பாசன அலுவலகத்துக்கு, கொடுத்தனுப்ப வேண்டும். மாரி காலத்தில் இந்த எண்ணை நம்பித்தான் பல காரியங்கள் நடக்கும். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தைக் கோடையில் மணல் மூடிவிடும். மழை பெய்து தண்ணீர் ஏறிப் பலகையில் தொண்ணூறு சென்ரிமீற்றரில் உள்ள சிவப்புக் கோட்டைத் தொட்டால், அந்த மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடவேண்டும். தாமதித்தால் கரையோரத்து வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், இளம் பயிர் அழுகிவிடும். யுத்த காலத்தில் மணல் வெட்ட இராணுவ முகாமின் அனுமதியும் வேண்டும். அனுமதி கேட்கக் கந்தோருக்கு என் எண் வேண்டும்.

அன்று காலை நான் பலகையருகே போனது பத்தொன்பது நாட்களுக்குப் பிறகு.

நவம்பர் 23 முதல் டிசம்பர் 11 வரை வீட்டு மேசையில் இருந்துகொண்டே எண்களை எழுதினேன். விடியும்போது கால் போத்தல் சாராயம் உள்ளே போகாமல் என்னால் நிமிர்ந்து நிற்க முடியாத நிலை வந்திருந்தது. கல்லணைக்குப் போகும் வழியில் ஓர் இராணுவக் காவலரண். வாயில் மணத்தோடு அந்த வழியால் போகப் பயம். ஆகவே கூரையில் மழை விழும் சத்தத்தைக் கேட்டு, இரண்டு, மூன்று என்று கூட்டி எழுதினேன். கால் போத்தலுக்குப் பிறகு கை நடுங்காது. கடைசி இரண்டு நாளைத் தவிர, அந்தப் பத்தொன்பது நாட்களின் எழுத்து மற்ற நாட்களின் எழுத்தைவிட ஒழுங்காகவே இருக்கிறது.

டிசம்பர் 7 அன்று அக்கரை விவசாயிகள் நகரத்துக்குப் போய்ச் சத்தமிட்டார்கள். மறுநாள் மணல் வெட்டப்பட்டது. அதற்குள் தாழ்ந்த வயல்கள் சில போய்விட்டன. முகாம்காரர்கள் அனுமதியை இழுத்தடித்தார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். உண்மையில் டிசம்பர் 7 மாலை வரை யாரும் அனுமதி கேட்கவே இல்லை. அன்று காலை நான் அனுப்பிய துண்டில் இருந்த எண் எண்பத்தொன்று.

10, 11 ஆம் திகதிகளில் இராணுவச் சுற்றிவளைப்பு. தெரு மூடப்பட்டது, சாராயக் கடையான தவறணையும் பூட்டு. சாராயம் இல்லாமல் இரண்டு நாள் கடந்து, மூன்றாம் நாள் காலைதான் நான் மேலே எழுதிய காலை. பலகையைப் பார்த்தேன். பென்சிலை எடுத்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நினைவில்லை. வலை இழுத்துக்கொண்டிருந்த இருவர் என்னைத் தண்ணீரிலிருந்து தூக்கியதாகப் பின்னர் அறிந்தேன்.

குணமான பிறகு சிலர் என்னிடம் தனியாக வந்து, எங்கே போனீர்கள், அங்கே என்ன செய்வார்கள் என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் வேறுவேறு விதமாகச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, நாட்குறிப்பைப் பார்த்து ஒரே முறையாக இங்கே எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தேன். முதல் நான்கு நாள் கட்டில் இல்லை. கட்டில்களில் காயக்காரர்கள் இருந்தார்கள். என்னை இரண்டு கட்டில்களுக்கு நடுவே பாயில் கிடத்தி, ஜன்னல் கம்பியில் சேலைன் போத்தலைக் கட்டியிருந்தார்கள். வலப்பக்கக் கட்டிலில் இருந்தவருக்கு இடது பாதம் இல்லை. நான் கண் விழித்ததும் அவர் குனிந்து கேட்டார்.

"ஒங்களுக்கு எங்க பட்டது அண்ணன்?"

"எனக்குப் படல்ல," என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் தலையணைக்கு அருகிலிருந்த விசிறியை என்னிடம் நீட்டினார்.

எனக்கு வந்தது என்ன என்பதை இளம் டொக்டர் ஒருவர் இரண்டாம் நாள் விளங்கப்படுத்தினார். சாராயம் நரம்புகளை அமுக்கி வைத்திருக்கும். பல வருடம் அமுக்கத்துக்குப் பழகிய நரம்புகள், குடி திடீரென்று நின்றதும் கட்டவிழ்ந்து துள்ளும். முதலில் நடுக்கமும் வியர்வையும். பிறகு வலிப்பு வரலாம். அதன் பின் மூளை குழம்பி இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும். ஆகவே என்னைப் போல நாள்தோறும் குடித்தவர்கள் தாமாக வீட்டில் நிறுத்தக் கூடாது. டொக்டரின் கண்காணிப்பில், மருந்து கொடுத்து, அந்த மருந்தையும் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். இதை வாசிப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

இல்லாதது எனக்கும் தெரிந்தது. பாயின் காலடியில் அளவுப் பலகை நின்றது. கோடுகளும் எண்களும் தெளிவாக இருந்தன, தண்ணீர் மட்டும் கட்டில் கால்களைச் சுற்றி ஏறிக்கொண்டிருந்தது. நான் எண்களை உரக்க வாசித்தேனாம். எழும்பிப் போக முயன்றதால் கைகளைப் பன்டேஜ் துணியால் கட்டிலின் காலில் கட்டினார்கள். வாட்டில் வேலை செய்த அட்டெண்டன் ஒருவர் அதன் பிறகு ஒவ்வொரு காலையும் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கேட்பார்.

"ஐயா, இண்டைக்கு மட்டம் எவ்வளவு? நான் வீட்ட போகலாமா, இல்ல தோணி பிடிக்கோணுமா?"

பாதம் இழந்தவர் சிரிப்பார். நான்காம் நாள் நானும் சிரித்தேன். அன்றுதான் கட்டு அவிழ்த்தார்கள்.

ஈரல் சோதனைக்கு இரத்தம் எடுத்து, முடிவு வர மூன்று நாள் சென்றது. மூன்று நாளும் காலையில் சோதனைக்கூடத்து மர வாங்கில் போய் உட்கார்ந்திருந்தேன். காலையில் கூப்பிடுவார்கள் என்பார்கள், மத்தியானம் நாளைக்கு என்பார்கள். மூன்றாம் நாள் டொக்டர் என் வலப்பக்க விலாவுக்குக் கீழே விரல்களால் அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஈரல் வீங்கி இரிக்கு. இன்னும் சுருங்கத் தொடங்கல்ல. வீக்கம் வத்தும், சுருங்கினா திரும்பி வராது. இனியும் குடிச்சீங்க எண்டா அடுத்த மாரிக்கு மட்டம் பார்க்க வேற ஆளத்தான் பிடிக்கோணும்."

நேசம் ஒவ்வொரு நாளும் பகல் பார்வை நேரத்துக்கு வந்தாள். இரண்டு பஸ் மாறி, மூன்று சோதனைச் சாவடிகளில் இறங்கி நடந்து, ஐ.சி. என்ற அடையாள அட்டையைக் காட்டி வரவேண்டும். சிவப்பரிசிக் கஞ்சியும் சுண்டங்காய்ச் சொதியும் கொண்டு வருவாள். சொந்தக்காரர்கள் கேட்டால் காய்ச்சல் என்றாள். என்னோடு அதிகம் கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் பையிலிருந்து நாட்காட்டித் தாள்கள் ஐந்தை எடுத்து என் மடியில் வைத்தாள். பின்புறத்தில் திகதியும் எண்ணும் இருந்தன.

"என்னது இது?"

"மட்டம். நீங்க விழுந்த அண்டைக்கு ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தன். மறுகா ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு. துண்டும் பஸ்ஸில குடுத்து விட்டன். நாள் விட்டுப்போனா ஒங்களுக்குத் தாங்காதே."

பலகை வாசிக்க அவளுக்கு நான்தான் கற்றுக் கொடுத்திருந்தேன், கல்யாணம் முடித்த வருடம். காவலரணில் என்ன சொன்னாய் என்று கேட்டேன். "அவருக்குச் சுகமில்ல, அதால நான் வந்தன் எண்டன். விட்டுட்டான்," என்றாள். பிறகு தயங்கினாள்.

"நான் எங்கயோ பிழை விட்டுட்டன் போல. ஒங்கட கடைசி எண்ணுக்கும் என்ட முதல் எண்ணுக்கும் பதினொரு சென்ரிமீற்றர் இடையில கிடக்கு. ரெண்டு தரம் குனிஞ்சு பார்த்தன். கண்ணுக்கு என்னமோ. கந்தோரில ஏசுவாங்களா?"

"ஏசமாட்டாங்க," என்றேன்.

அவள் பிழை விடவில்லை என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாட்குறிப்பில் அன்று எழுதியிருப்பது: "நேசத்தின் எண்கள் சரி."

21 ஆம் திகதி துண்டு வெட்டினார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று எழுதித் தருவதைத்தான் எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வோம். ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது நேசம் சொன்னாள்.

"இனியொரு தரம் எண்டா நீங்க ஒங்கட அக்காட வீட்ட போங்க. நான் கூப்பிட வரமாட்டன்."

எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். நான் இருபத்தொரு வருடமாக இருப்பது நேசத்தின் வீட்டில். அவள் கோபமாகச் சொல்லவில்லை. சாமான் பட்டியல் வாசிப்பதுபோலச் சொன்னாள்.

இடம் எங்கே என்று சொன்னவர் அந்த அட்டெண்டன்தான். துண்டைக் கையில் தரும்போது குரலைத் தாழ்த்தினார்.

"சனிக்கிழமை மூணு மணிக்கு ஆரையம்பதிக்குப் போங்க ஐயா. அங்க ஒரு பழைய அப்போதிக்கரியார்ர டிஸ்பென்சரி இரிக்கு. போகக்குள்ள வெறும் போத்தல் ஒண்டு கொண்டு போங்க."

"எதற்கு?"

"மருந்துக்கு எண்டு சொல்லத்தான். அங்க இரிக்கிற எல்லாரும் நம்மட ஆக்கள். நான் நாலு வருசமாப் போறன். இந்தச் சனி எனக்கு டியூட்டி."

அந்தக் காலத்தில் டிஸ்பென்சரிக்குப் போகிறவர்கள் தண்ணி மருந்துக்குப் போத்தலை வீட்டிலிருந்து கொண்டு போவது வழக்கம். ஆறேழு ஆண்கள் ஒரு வீட்டில் கூடினால் இராணுவம், போராளி இயக்கம் என இரு பக்கத்தாரும் விசாரிப்பார்கள். டிஸ்பென்சரி வாங்கில் போத்தலோடு இருந்தால் யாரும் கேட்பதில்லை. இதை ஏற்பாடு செய்தவர் யாரோ, யோசித்துத்தான் செய்திருக்கிறார்.

வீட்டில் இருந்த போத்தல்களெல்லாம் சாராயப் போத்தல்கள். ஒன்றை எடுத்து லேபலைச் சுரண்டி, சாம்பல் போட்டு மூன்று முறை கழுவினேன். 26 ஆம் திகதி பிற்பகல் சோதனைச் சாவடியில் சிப்பாய் மூடியைத் திறந்து மணந்தான். மறுபடியும் மணந்தான். பிறகு என் முகத்தைப் பார்த்து, "பெஹெத்?" என்று கேட்டான். மருந்தா என்று சிங்களத்தில். ஓம் என்றேன். நான் வாயைத் திறந்ததும் அதையும் மணந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். பல வருடங்களுக்குப் பிறகு என் வாயில் மணம் இல்லாத ஒரு சோதனை.

டிஸ்பென்சரியில் இரண்டு நீள வாங்குகள், ஒரு மேசை, கண்ணாடி அலுமாரி. மருந்து கலந்து கொடுக்கும் அப்போதிக்கரியாருக்கு எழுபது வயதிருக்கும். பெயரைச் சொல்ல வாயெடுத்தேன், கையைக் காட்டித் தடுத்தார்.

"இஞ்ச பெயர் வேணாம். நாளைக்கு யாரும் ஒங்கள இருத்திக் கேட்டாலும் தெரியா எண்டு உண்மையாச் சொல்லலாம். வருத்தத்தின்ட பெயர்தான் இஞ்ச ஆளின்ட பெயர். கொப்பியில என்ன வருத்தம் எண்டு எழுத?"

வருத்தம் என்றால் எங்கள் பேச்சில் நோய். அவருக்குமுன் இருந்த கொப்பியில் பெயர்களுக்குப் பதிலாக நீரிழிவைக் குறிக்கும் சீனி, ஆஸ்துமாவைக் குறிக்கும் தொய்வு, பிரஷர், வாதம் என்று இருந்தது. நான் குடிநோய் என்றேன். அதுதான் சரியான பதில் என்று நினைத்தேன்.

வாங்கில் இருந்த லொறிக்கார முஸ்லிம் மனிதர் தலையில் கை வைத்தார். அவர்தான் கொப்பியில் உள்ள சீனி.

"அண்ணன், அத எழுதினா நாங்க எல்லாரும் எழும்பிப் போகோணும். நல்ல வருத்தமெல்லாம் முடிஞ்சு. மூலம் ஒண்டுதான் மிச்சம் இரிக்கு. அதுவும் நல்லதுதான், எந்தச் சிப்பாயும் சோதிச்சுப் பார்க்கமாட்டான்."

அப்படி நான் மூலம் ஆனேன்.

ஒருவர் பின் ஒருவராக, கடைசியாகக் குடித்து எத்தனை நாள் என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் சொல்ல விரும்பினால் சொல்லலாம். இடையில் யாரும் புத்தி சொல்லக் கூடாது. ஒழுங்கு இவ்வளவுதான். என் முறை வந்தது.

"பதினாறு நாள். அதில் இரண்டு நாள் கடை பூட்டு, ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. சொந்தமாக ஐந்து நாள்," என்றேன்.

"கடை பூட்டினதக் கழிக்காதீங்க அண்ணன்," என்றார் சீனி. "இந்த யுத்தத்தால நமக்குக் கிடைச்ச நன்மை அது ஒண்டுதான். அதையும் கழிச்சா மறுகா என்ன மிச்சம்?"

சிரிப்பு அடங்கியபோது தொய்வின் முறை. முப்பத்தெட்டு வயது இருக்கும். கால் விரல்களில் காய்ந்த சேறு. படுவான்கரையிலிருந்து, அதாவது இயக்கத்தின் கட்டுப்பாட்டிலிருந்த வாவியின் மேற்குக் கரையிலிருந்து வருகிறவர்.

"நாலு நாள்," என்றார். யாரையும் பார்க்காமல் தொடர்ந்தார். "ஒரு வருசமும் மூணு மாசமும் தொடாம இருந்தன். இந்த மாரியில வட்டைக்குள்ள தண்ணி ஏறிச்சு. ஏழு நாள் நிண்டு பார்த்தன், பயிர் அழுகிற மணம் வந்துட்டு. ஏழாம் நாள் தொட்டன். முகத்துவாரத்த நாலு நாளைக்கு முந்தி வெட்டியிருந்தா பயிரும் இரிக்கும், நானும் இருந்திருப்பன். முகாமில குந்திக்கிட்டு இரிக்கிறவனுக்கு என்ன, அவன்ட வயலா?"

என் போத்தல் இரண்டு கால்களுக்கும் நடுவே தரையில் இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நான்கு மணிக்கு அப்போதிக்கரியார் எல்லோருடைய போத்தலிலும் ஒரே பச்சை நிற வயிற்று மருந்தை ஊற்றி, அவரவர் வருத்தத்தை எழுதி ஒட்டித் தந்தார்.

ஜனவரி 2 ஆம் திகதியும் போனேன். 9 ஆம் திகதியும் போனேன். நாள் எண்ணிக்கையை மட்டும் சொன்னேன். தொய்வு இரண்டு முறையும் முகாமைத் திட்டினார். எனக்குப் பக்கத்தில் இருந்துதான் திட்டினார். ஒருமுறை எனக்கு இருமல் வந்தபோது உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

9 ஆம் திகதி திரும்பும் வழியில் தவறணைக்கு எதிரே நின்றேன். மணிக்கூட்டின்படி நான்கு நிமிடம். கையில் பச்சை மருந்து. அதை வடிகாலில் ஊற்றிவிட்டு அதே போத்தலில் வாங்கலாம் என்று கணக்குப் போட்டேன். உள்ளே போகாததற்குக் காரணம் மனம் மாறியது அல்ல. பஸ் வந்தது. அடுத்த பஸ் சோதனைச் சாவடி மூடிய பிறகு. ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்து நாட்குறிப்பில் நான்கு நிமிடத்தையும் எழுதிவிட்டு, அடுத்த முறை பஸ் தாமதிக்கலாம் என்றும் எழுதினேன்.

15 ஆம் திகதி, வெள்ளி, அப்போதிக்கரியாரிடம் தனியாகப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இனி வரவில்லை என்றும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "அவன் அக்கரைக்காரன். கோபம் வந்தா போய் யாரிட்டச் சொல்லுவான் எண்டு எனக்குத் தெரியா," என்றார். "அரசாங்கத்துச் சம்பளம் வாங்கிறவன் வயல அழிச்சான் எண்டு கதை போனா அங்க என்ன செய்வாங்க எண்டு ஒங்களுக்கும் தெரியும். அதால சொல்லுங்க எண்டு சொல்லமாட்டன்."

"அப்படியென்றால் வராமல் விடுவதுதான் சரி?"

"வராம விட்ட அஞ்சு பேர எனக்குத் தெரியும். மூணு பேர திரும்ப வாட்டிலதான் கண்டன். மத்த ரெண்டு பேரக் காணல்ல." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நாளைக்கு மூணு மணி. வாறதெண்டா போத்தல மறக்காதீங்க."

ஜனவரி 16. ஆறு பேர் இருந்தோம். முறை வந்தபோது, "முப்பத்தேழு நாள்," என்றேன். பிறகு பத்தொன்பது நாட்களையும் சொன்னேன். நான் யார், என்ன வேலை, பலகை எங்கே நிற்கிறது, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை நான் அதைப் பார்க்கவில்லை, டிசம்பர் 7 அன்று என்ன எழுதினேன் என்று வரிசையாகச் சொன்னேன். முகாமிடம் அதுவரை யாரும் அனுமதி கேட்கவில்லை, கேட்ட மறுநாள் கொடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னேன். தொய்வின் பக்கம் திரும்பிச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். மேசையைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

தொய்வு எழும்பி வெளியே போனார். கிணற்றடியில் வாளி விழும் சத்தம் கேட்டது. முகம் கழுவி, ஈரத்தோடு திரும்பி வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு மாசமா நான் முகாமுக்காரனுக்கு ஏசிக்கிட்டுத் திரியிறன்," என்றார். "ஒங்களுக்குப் பக்கத்தில இருந்து. தண்ணி வேற தந்தன்."

"ஓம்," என்றேன்.

"ஏசினத வாபஸ் எடுக்காதடா தம்பி," என்றார் சீனி மெதுவாக. "வேற எதுக்காவது கழிச்சுக்கலாம்."

தொய்வின் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. அவர் என் முன்னால் வந்து குந்தினார்.

"அந்த நாளையில சரியான மட்டம் என்ன?"

"எனக்குத் தெரியாது. யாரும் பார்க்கல்ல."

"நான் பார்த்தன்," என்றார். "மதகடியில எங்கட காவல் குடில் நிக்குது. வரம்புக்கு மேல தண்ணி வந்த நாளையில இருந்து ஒவ்வொரு விடியவும் குடில்ர காலில கத்தியால வெட்டினன். ரெண்டாம் திகதியில இருந்து எட்டாம் திகதி வரைக்கும். ஏழு வெட்டு. மறுகா நானும் ஒங்கள மாதிரித்தான், பார்க்கல்ல."

ஏழு திகதிகளையும் விரல்களில் எண்ணினேன்.

"நாளைக்கு முதல் பாதையில வாங்க. தனியா வாங்க."

பாதை என்பது ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. தொய்வு மருந்தை வாங்காமல் போத்தலை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

அன்று மாலை விளக்கு வைத்த பிறகு நேசத்திடம் சொன்னேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். முடியும் வரை கை நிற்கவில்லை. முடிந்ததும் நின்றது.

"அப்ப நான் பிழையாப் பார்க்கல்ல," என்றாள்.

"இல்லை. உன்னுடையது சரி. அன்றைக்கே எனக்குத் தெரியும்."

அவள் துருவலைச் சட்டியில் தட்டினாள். "தனியா வரச் சொன்னது எதுக்கு?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"போகத்தான் வேணுமா?"

"ஏழு நாள் எண் அங்கே இருக்கிறது," என்றேன். படுக்கப் போகும்முன் அவள் நாட்காட்டித் தாள்கள் பத்தையும் ஒரு நூலால் கட்டி என் குறிப்பேட்டின் மேல் வைத்தாள்.

ஜனவரி 17, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்தேன். சவரம் செய்தேன். ஆறு மணிக்குப் பலகை: முப்பத்துநான்கு சென்ரிமீற்றர். காற்று இல்லை, தண்ணீர் அசையவில்லை. குறிப்பேட்டில் எழுதிவிட்டு, அளவு நாடாவை மடியில் செருகிக்கொண்டு துறைக்கு நடந்தேன். துறைக் காவலில் நின்றவன் நாடாவை முழுதாக இழுத்துப் பார்த்துவிட்டுச் சுருட்டித் தந்தான். ஏழு மணிப் பாதையில் என்னோடு ஒரு பெண்ணும் இரண்டு ஆடுகளும்.

தொய்வு அக்கரையில் சைக்கிளோடு நின்றார். வேறு யாரும் இல்லை. பின்னால் ஏறச் சொன்னார். வரம்பு வழியே இருபது நிமிடம். இரு பக்கமும் வயல் கறுத்துக் கிடந்தது. மதகடியில் குடில். அதன் முன்கால் வாய்க்காலுக்குள், வாவியோடு தொடர்ந்த தண்ணீரில், நின்றது. ஆகவே கணக்குச் சுலபம்: இன்றைய மட்டம் முப்பத்துநான்கு. தண்ணீரிலிருந்து வெட்டு வரை உள்ள உயரத்தை அதோடு கூட்டினால் அன்றைய மட்டம்.

வெட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு. ஐந்தாவதிலிருந்து நேராக இல்லை.

தொய்வு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். நாடாவின் நுனியைக் கேட்டு வாங்கித் தண்ணீரின் மேல் வைத்துப் பிடித்தார். நான் குடிலின் தட்டில் முழங்காலிட்டு மறுநுனியை முதல் வெட்டில் வைத்தேன். டிசம்பர் 2. ஐம்பது. கூட்டினால் எண்பத்துநான்கு. என் குறிப்பேட்டில் அந்த நாளுக்கு இருந்தது எழுபத்தொன்று. அதன் குறுக்கே ஒரு கோடு கீறி, பக்கத்தில் சரியான எண்ணைச் சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்து வைத்தேன். கந்தோரில் இதைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்றுதான் சிவப்பு.

"எழுதியாச்சா?"

"எழுதியாச்சு."

அவர் நாடாவின் நுனியை அசைக்காமல் பிடித்திருந்தார்.

"மத்தது," என்றார்.